முக்கால் மணி நேர வழி

அன்புள்ள திற்பரப்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. லீவு முடிந்து கிளம்பிய மகன், ஸ்ரீநகரிலிருந்து லடாக்கிலுள்ள லேக்கு விமானத்தில் "முக்கால் மணி நேரம்தான் அம்மா" என்று சொல்லியிருக்கிறான். மூன்று நாளாகியும் ஸ்ரீநகரை விட்டு நகரவில்லை. எதையோ மறைக்கிறானோ என்று உங்களுக்குத் தூக்கமில்லை. மறைக்கவில்லை அக்கா. அவன் சொன்ன கணக்கு சரிதான்.

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 255 கிலோமீட்டர். சிவாலய ஓட்டக்காரர்கள் மூன்றாவதாக உங்கள் மகாதேவர் கோவிலைத் தொட்டு ஓடுகிறார்களே, அந்தப் பன்னிரண்டு கோவில் தூரத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தரைவழியாகப் போனால் சோனாமார்க், சோஜிலா, கார்கில் என்று வளைந்து 420 கிலோமீட்டர் ஆகிவிடும். சோஜிலா கணவாய் 3,528 மீட்டர் உயரம். பனி கொட்டினால் அடைபட்டுவிடும். 2025 ஜனவரியில் திறந்த சோனாமார்க் சுரங்கப்பாதை கணவாய்க்கு ஸ்ரீநகர்ப் பக்கமே முடிந்துவிடுகிறது. கணவாய்க்கு அடியில் குடையும் 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் இன்னும் வேலை நடக்கிறது.

ஆக, பனிக்காலத்தில் வானம்தான் வழி. அதுவும் பெரும்பாலும் காலையில்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிற ஊர்க்காரரான உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டே இல்லை. லேயிலும் அப்படித்தான். விமான நிலையமே 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு. சூடு ஏற ஏற அது இன்னும் இளகி, இறக்கைக்குப் பிடிமானம் குறையும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று பலமாக அடிக்கும். காலையில் மேகம் இறங்கிவிட்டால், சுற்றிலும் மலை நிற்கிற இடத்தில் யாரும் துணிய மாட்டார்கள். மறுநாள் பார்க்க வேண்டியதுதான். 1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங் இதே வழியில்தான் டகோட்டா விமானத்தை ஓட்டிப்போய், சிந்து நதிக்கரை மணலில் அவசரமாகப் போட்ட ஓடுதளத்தில் முதன்முதலாக இறக்கினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும்.

தாமதத்தைவிட எனக்குப் பயம் அந்த முக்கால் மணி நேரத்தின் மேல்தான். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர்; லே அதைப்போல இரண்டு மடங்கு. விமானம் ஏறிவிடும், உடம்பு ஏற நாளாகும். கடலோரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். நான் போன அன்று விடுதியில் ஒரு மாடி ஏறுவதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால், மார்த்தாண்டத்தில் வாங்கிய ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல உப்பிக் கிடந்தது. வெளியே அழுத்தம் குறைந்ததும் உள்ளே அடைபட்டிருந்த நம்மூர்க் காற்று விம்மிவிட்டது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் எவ்வளவு மேலே வந்திருக்கிறோம் என்று உறைத்தது.

லேயில் இறங்கியதும் உங்கள் மகன் கூப்பிடுவான். சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, இரண்டு நாள் பாரம் தூக்காமல் ஓய்ந்திருக்கச் சொல்லுங்கள். தலைவலி கூடினாலோ மூச்சு முட்டினாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது, உடனே டாக்டரிடம் போகவேண்டும். சிப்ஸ் அனுப்பாமல் இருக்கமாட்டீர்கள், தெரியும். கடையில் காற்றடைத்து விற்கிற பாக்கெட் வேண்டாம். சுடச்சுட வறுத்ததை ஆறவைத்து, பையிலுள்ள காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி