நடு முத்து தொலைந்தால் பின்கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து வந்த என் பாட்டியின் முத்துமாலை, கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் அறுந்துவிட்டது. நடுவிலிருந்த மூன்று பெரிய முத்துகள் கிடைக்கவில்லை. கடையில் காட்டியவை பால்வெள்ளை. எங்களுடையது லேசான சந்தன நிறம். பழையதை வெளுத்துவிட்டால் சேர்ந்துவிடும் என்கிறார் அக்கா. செய்யலாமா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: அக்கா கையிலிருக்கும் பாட்டிலை முதலில் வாங்கி வைத்துவிடுங்கள். முத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேல்தோல் அரித்து ஒளி போய்விடும். அந்தச் சந்தனச் சாயலும் அழுக்கல்ல. மன்னார் வளைகுடா முத்துக்குப் பெரும்பாலும் அது பிறவியிலேயே வருவது.

மாலை உண்மையிலேயே கடலில் குளித்தெடுத்த முத்தா, வளர்ப்பு முத்தா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதீர்கள். பல்லில் தேய்த்துப் பார்த்தால் நறநறக்கும். அது போலி முத்தல்ல என்று மட்டும் சொல்லும். இயற்கையா வளர்ப்பா என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள். இயற்கை முத்தென்றால் அதன் விலையே வேறு.

அந்தக் காலத்து முத்துக்குளிப்புச் சந்தையில் அளவு பிரிக்கத் துளையிட்ட பித்தளைத் தட்டுகள் இருந்தன. சலித்தால் அளவு வந்துவிடும். ஆனால் எது ஆணிமுத்து என்று சொல்ல உருட்சியையும் ஒளியையும் கண்ணால்தான் பார்த்தார்கள். இன்றும் அதே வழிதான். முதலில் ஒளி, பிறகு நிறம், கடைசியில்தான் அளவு. பளபளப்பு மங்கிய முத்து, நிறம் ஒத்திருந்தாலும் வரிசையில் தனியாகத் தெரியும்.

ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடை விளக்கடியில் முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் விளக்கில் எல்லா முத்தும் சொந்தக்காரர்போல் இருக்கும். வெயில் நேரடியாக விழாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மடிப்பில் உங்கள் முத்துகளுக்கு நடுவே புதியதை வைத்து உருட்டிப் பாருங்கள். ஜப்பானிய அகோயா முத்தில் சந்தனச் சாயல் உள்ளதைக் கேளுங்கள். அந்தச் சிப்பி மன்னார் சிப்பிக்கு நெருங்கிய உறவு. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் 1973இல் வளர்ப்பு முத்து எடுத்ததும் அந்த மன்னார் சிப்பியில்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சீன நன்னீர் முத்து இதற்கு ஒத்துவராது.

இவ்வளவு தேடியும் பெரிய முத்து மூன்று சேர்ந்து கிடைப்பது கஷ்டம். அதனால் நடுவில் தேடாதீர்கள். மாலை நடுவே பெரிதாகவும் ஓரம் போகப் போகச் சிறிதாகவும் கோத்ததுதானே? இருப்பதை அப்படியே நெருக்கிக் கோக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒற்றைக்குப் பதில் இரட்டை நிற்கும், யாருக்கும் தெரியாது. ஏழு மில்லிமீட்டர் முத்து மூன்று போனால் இரண்டு சென்டிமீட்டர்தான் குறையும். அதைக் கொக்கிப் பக்கம் இரண்டிரண்டாக ஐந்து மில்லிமீட்டர் முத்து நான்கு வைத்து ஈடுகட்டலாம். சின்ன முத்துக்கு ஜோடி கிடைப்பது சுலபம், விலையும் குறைவு, சாயல் கொஞ்சம் மாறினாலும் கொண்டை மறைத்துவிடும்.

கோக்கும்போது பட்டுநூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு போடச் சொல்லுங்கள். இனி அறுந்தாலும் ஒன்றுதான் உருளும்.