அசைவு நின்றாலும் செய்தி நிற்கக் கூடாது



தைப்பூசம் நெருங்கினால் கிளைக்குக் கிளை அழைப்பிதழ் வேலை சூடு பிடிக்கும். இப்போதெல்லாம் வெறும் எழுத்தில் மின்னஞ்சல் அனுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. வேல் மின்னணும், மயில் தோகை விரிக்கணும், பின்னணியில் நாதஸ்வரம் ஒலிக்கணும். ஆசை நல்லதுதான். ஆனால், அதைத் திறக்கும் தொண்டருக்கு ‘எத்தனை மணிக்கு, எங்கே வரணும்?’ என்பது தெரியாமல் போனால், வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் இரவில் நம் தண்ணீர்ப் பந்தலில் ஆள் இருக்காது. அசைவு போய்ச் சேராவிட்டாலும் செய்தி போய்ச் சேர வேண்டும். இந்த மாதப் பாடம் இதுதான்.

படம் எப்படிப் பயணம் செய்கிறது?

மின்னஞ்சல் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளை அனுப்பவே உருவானது. படம், ஒலி, தமிழ் எழுத்து ஆகியவற்றையும் அனுப்ப வழி செய்த ‘மைம்’ விதிமுறை 1992-இல் வந்தது. நாம் இணைக்கும் கோப்பு, அனுப்பும்போது எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 3 பைட் 4 எழுத்தாகிறது. அதனால் 18 மெகாபைட் காணொளி, வழியில் ஏறக்குறைய 24 மெகாபைட் ஆகிவிடும். ஜிமெயிலில் அனுப்பக்கூடிய உச்ச அளவு 25 மெகாபைட். ‘20தானே, போகும்’ என்று நினைத்தது ஏன் போகவில்லை என்று இப்போது புரிகிறதா?

ஜிஃப் படத்தின் பலமும் பலவீனமும்

ஜிஃப் வடிவத்தைக் கம்பியூசர்வ் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வசதி 1989 பதிப்பில் சேர்ந்தது. இதில் ஒலி கிடையாது. ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான். கோலம், எழுத்து, வரைபடம் ஆகியவை இதில் அழகாக வரும். இருட்டில் எரியும் குத்துவிளக்கைப் புகைப்படமாக எடுத்துப் போட்டால், ஒளி படிப்படியாக மங்காமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

அவுட்லுக் 2007, 2010, 2013, 2016 ஆகியவற்றை விண்டோஸ் கணினியில் பயன்படுத்துவோருக்கு ஜிஃப்பின் முதல் ஃபிரேம் மட்டும் அசையாமல் நிற்கும். சில இடங்களில் பாதுகாப்புக்காகப் படமே மறைக்கப்பட்டிருக்கும். காணொளியை மின்னஞ்சலுக்குள்ளேயே ஓட விடுவதும் பல செயலிகளில் நடக்காது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

2. முதல் ஃபிரேமிலேயே முழுச் செய்தியும் இருக்கட்டும். வெற்றுத் திரையில் தொடங்கி எழுத்து ஒவ்வொன்றாக வந்தால், சிலருக்கு வெற்றுத் திரைதான் மிஞ்சும்.

3. படத்தின் அகலம் 600 பிக்சல், அளவு 1 மெகாபைட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி டேட்டாவில் பார்க்கிறவர்களையும் நினைக்கணும்.

4. காணொளியை யூடியூபில் ஏற்றி, ஒரு படமும் இணைப்பும் கொடுங்கள். கூகுள் டிரைவ் என்றால், இணைப்பு உள்ளவர்கள் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

5. படத்துக்கு மாற்று விவரம் எழுதுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும்.

6. வினாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் படம் வேண்டாம். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும்.

7. பலருக்கு ஒன்றாக அனுப்பும்போது முகவரிகளைப் பிசிசி கட்டத்தில் இடுங்கள். தேவார வகுப்புப் பெற்றோரின் முகவரிகளை ஊருக்கே காட்டும் உரிமை நமக்கில்லை.

நமக்கு வருவதைத் திறக்கும் முன்

1999 ஜனவரியில் ‘ஹேப்பி99’ என்ற கோப்பு மின்னஞ்சல் வழி பரவியது. திறந்தால் திரையில் வாணவேடிக்கையும் புத்தாண்டு வாழ்த்தும் வரும். பார்த்தவர் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அது கணினிக்குள் புகுந்து, அவர் அடுத்து மடல் அனுப்புகிறவர்களுக்கும் தன் நகலை அனுப்பியது. அது வாழ்த்துப் படமல்ல, படம் காட்டிய நிரல். தீபாவளி வாழ்த்து என்ற பெயரில் வந்தாலும், கோப்பின் கடைசியில் ‘.இஎக்ஸ்இ’ என்று இருந்தால் தொடாதீர்கள். தெரிந்தவரிடமிருந்து வந்தாலும், அவர்தான் அனுப்பினாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. சுவாமி படம் ஆட, ‘11 பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்று வரும் மடல்கள் நமக்குப் பழக்கமானவை. பயமுறுத்திப் பரப்புவது பக்தி ஆகாது. அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள். அம்மாவோ பாட்டியோ பயந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கிளைக்கான பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு ஓர் அழைப்பிதழ் தயாரித்து, முதலில் உறுப்பினர் மூவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒருவர் கைத்தொலைபேசியிலும், ஒருவர் அலுவலகக் கணினியிலும், ஒருவர் படங்களை மறைத்து வைத்தும் திறக்கட்டும். மூவரும் ‘எங்கே, எப்போது?’ என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் மற்றவர்களுக்கும் அனுப்பலாம். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.