கடைசிக் கூலியின் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது குடியானவர்களிடையே நெடுநாளாக வழங்கும் பழமொழி. விவசாயத்தில் கணக்குப் பார்ப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்வோர் பலர். ஆனால் இப்பழமொழி குறிப்பது, அறுவடை முடிந்த பின் போகம் முழுவதற்கும் சேர்த்துப் போடும் கணக்கையேயாம். அந்தக் கணக்கு நடந்து முடிந்ததைத் தெரிவிக்கும், நடந்ததை மாற்றாது. குடியானவருக்கு அதனினும் பிரயோஜனமான கணக்கு வேறொன்று உண்டு. இன்னும் ஓர் ஆளை அமர்த்தலாமா, இன்னும் ஒரு மூட்டை உரம் இடலாமா, இன்னும் ஒரு தண்ணீர் கட்டலாமா என்று ஒவ்வொரு படியிலும், செலவு செய்வதற்கு முன்னரே போட வேண்டிய கணக்கு அது.

பொருளாதார நூலார் இதனை இறுதிநிலைக் கணக்கு என்பர். பெயர் பெரிதாயினும் கருத்து எளியதே. கூடுதலாகச் செய்யும் ஒரு காரியத்தினால் கூடுதலாக வருவது இறுதிநிலை வரவு. அதற்காகவே கூடுதலாகப் போவது இறுதிநிலைச் செலவு. வரவு செலவை விஞ்சும் வரையில் மேலே செல்லலாம். இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தைத் தாண்டி வைக்கும் ஒவ்வொரு அடியும், முன்பு ஈட்டிய லாபத்தையே தின்னும்.

மணிலாக் கொல்லையில் ஓர் உதாரணம்

செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி தாலூகாவில் தேசூருக்கு அருகே உள்ளது சீயமங்கலம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயிலால் இவ்வூர் பெயர் பெற்றது. பாறைக் குன்றுகளும் அவற்றினிடையே ஏரிகளும் செம்மண் கொல்லைகளும் நிறைந்த இப்பிரதேசத்தில், ஏரிப் பாய்ச்சலிலும் கிணற்றுப் பாய்ச்சலிலும் நெல்லும், மேட்டு நிலங்களில் மணிலாவும் முக்கியமான பயிர்களாம். மல்லாட்டை என்று இப்பக்கத்தார் வழங்கும் இம்மணிலாவைப் பிடுங்குங் காலத்தில் மண்ணில் ஈரம் போதாவிட்டாலும், பிடுங்குவது தாமதித்துக் காம்பு இற்றுப்போனாலும், காய்களில் ஒரு பகுதி செடியோடு வராமல் மண்ணிலேயே தங்கிவிடும். அவற்றைக் கிளறிப் பொறுக்க ஆள் அமர்த்துவது வழக்கம். எத்தனை பேரை அமர்த்துவது என்பதே கேள்வி.

இவ்வூர்க் குடியானவர் ஒருவர் தம் ஒரு ஏக்கர் கொல்லையில் காய் பொறுக்க ஆள் விடுவதாகக் கொள்ளலாம். ஓர் ஆளுக்குக் கூலி 300 ரூபாய் என்றும், காய் கிலோ 60 ரூபாய் என்றும், பொறுக்கிய காயின் அளவு பின்வருமாறு என்றும் உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்.

1 ஆள்: மொத்தம் 14 கிலோ
2 ஆட்கள்: மொத்தம் 25 கிலோ, இரண்டாம் ஆளால் கூடியது 11 கிலோ
3 ஆட்கள்: மொத்தம் 33 கிலோ, மூன்றாம் ஆளால் கூடியது 8 கிலோ
4 ஆட்கள்: மொத்தம் 39 கிலோ, நான்காம் ஆளால் கூடியது 6 கிலோ
5 ஆட்கள்: மொத்தம் 43 கிலோ, ஐந்தாம் ஆளால் கூடியது 4 கிலோ
6 ஆட்கள்: மொத்தம் 45 கிலோ, ஆறாம் ஆளால் கூடியது 2 கிலோ

பின்னால் சேர்ந்தவர் சோம்பேறி என்பதனால் இவ்வளவு குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் காய்களை முதலில் சிலரே பொறுக்கிவிடுவர். ஆள் கூடக் கூட, ஆழத்தில் கிடப்பதையும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியதையும் தேட வேண்டியதாகும். எல்லோரும் ஒரே திறமையுடன் வேலை செய்தாலும், ஒவ்வொருவர் சேர்வதால் கூடும் காய் குறைந்துகொண்டே போகும்.

ஒரு கூலிக்கு ஈடான காய் 5 கிலோ. நான்காம் ஆளால் 6 கிலோ கூடுகிறது. 360 ரூபாய் வரவுக்கு 300 ரூபாய் செலவு. 60 ரூபாய் அனுகூலம். ஐந்தாம் ஆளால் கூடுவது 4 கிலோவே. 240 ரூபாய் வரவுக்கு 300 ரூபாய் செலவு. 60 ரூபாய் நஷ்டம். ஆதலால் நான்கு பேருடன் நிற்பதே முறை.

சராசரி காட்டும் மயக்கம்

ஆறு பேரையும் அமர்த்திய குடியானவர் தமக்கு நஷ்டம் நேர்ந்ததாக உணரவே மாட்டார். 45 கிலோவை ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 7½ கிலோ, அதாவது 450 ரூபாய். கூலியோ 300 ரூபாய்தான். மொத்த வரவு 2,700 ரூபாய், கூலி 1,800 ரூபாய், மீதி 900 ரூபாய் கையில் நிற்கிறது. திருப்தியுடன் வீடு திரும்புவார். ஆனால் நான்கு பேருடன் நின்றிருந்தால் வரவு 2,340 ரூபாய், கூலி 1,200 ரூபாய், மீதி 1,140 ரூபாய் நின்றிருக்கும். முதல் நால்வரால் வந்த லாபத்தில் 240 ரூபாயைக் கடைசி இருவரின் கூலி விழுங்கியது சராசரிக் கணக்கில் தெரிவதில்லை. இறுதிநிலைக் கணக்கில்தான் தெரியும்.

விலையும் கூலியும் மாறினால் நிற்க வேண்டிய இடமும் மாறும். காய் கிலோ 80 ரூபாய் விற்குமாயின், ஐந்தாம் ஆளின் 4 கிலோ 320 ரூபாயாகும், அவரையும் அமர்த்தலாம். ஆகையால் சென்ற வருஷம் இத்தனை ஆள் விட்டோம், இவ்வருஷமும் அத்தனையே என்பது கணக்காகாது.

இவ்விஷயத்தை முதன்முதலில் தெளிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தாமே பண்ணை நடத்தியவர். ஜெர்மானிய தேசத்தில் மெக்லன்பர்க் பகுதியில், தெல்லோ என்னும் பண்ணையை 1810இல் வாங்கிப் பயிரிட்டவர் ஜோஹான் ஹைன்ரிக் ஃபான் த்யூனன். உருளைக்கிழங்கு தோண்டிய நிலத்தில் மீந்த கிழங்குகளைப் பொறுக்க எத்தனை ஆள் விடுவது என்பதையே அவரும் உதாரணமாகக் கொண்டார். கடைசியாக அமர்த்திய ஆளால் கூடும் கிழங்கின் மதிப்பு அவருடைய கூலிக்குச் சமமாகும் வரையில் ஆள் கூட்டலாம் என்று 1850இல் வெளியான தம் நூற்பகுதியில் அவர் காட்டினார். மெக்லன்பர்க்கின் உருளைக்கிழங்குக்கும் செஞ்சிச் சீமையின் மணிலாவுக்கும் இக்கணக்கு ஒன்றே.

வீட்டு ஆளின் உழைப்பு

வீட்டார் பொறுக்கினால் கூலி இல்லை, செலவும் இல்லை என்று எண்ணுவது பிழை. அன்று அவர்கள் வேறிடம் சென்றால் 300 ரூபாய் கிடைக்குமாயின், அதை விட்டுக்கொடுப்பதே செலவு. வேறு வேலையே இல்லாத நாளாயின் அச்செலவு மிகச் சிறிது. கடைசிக் காய் வரையில் பொறுக்கினும் தகும். கொல்லைக்காரர் விட்டுச் சென்ற இடத்தில், வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள் மேலும் பொறுக்குவதன் காரணமும் இதுவே. கொல்லைக்காரருக்குக் கட்டாத 4 கிலோ, வேறு வருமானம் இல்லாதவருக்கு ஒரு நாளைய ஜீவனம். ஆதலால் அவர்களைத் தடுப்பதில் கொல்லைக்காரருக்கு லாபம் ஏதுமில்லை.

இன்னும் ஒரு மூட்டை யூரியா

நெற்பயிருக்கு மேலுரம் இடுகையில் இக்கணக்கு பெரிதும் தவறுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. சர்க்கார் மானியத்தினால் மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. 2024-25ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஆகவே, 12 கிலோ நெல் கூடினாலே மூட்டைக்குப் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். பலரும் யோசியாமல் மற்றொரு மூட்டை இடுவது இதனாலேயே.

ஆனால் மூட்டையின் விலை மட்டும் செலவாகாது. தழைச்சத்து மிகுந்த பயிர் இலை பெருத்து, தண்டு மெலிந்து, காற்று மழையில் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் அத்தகைய பயிரில் மிகும். பூச்சிமருந்தின் விலையும், அடிக்கும் கூலியும், சாய்ந்த பயிரை அறுக்கும் அதிகச் செலவும் அந்த மூட்டையின் கணக்கில் சேர வேண்டியவை. வரவுப் பக்கத்திலோ, போதிய தழைச்சத்து உள்ள பயிரில் அம்மூட்டையால் கூடும் நெல் சொற்பம். சில சமயம் குறைவதும் உண்டு.

பயிருக்கு இன்னும் தேவையா என்பதைப் பயிரையே கேட்டறிய வழி உண்டு. இலை வண்ண அட்டையைக் கொண்டு, நட்ட 14ஆம் நாள் முதல் பூக்கும் வரையில் வாரந்தோறும், நன்கு விரிந்த மேல் இலையின் நிறத்தைப் பத்து இடங்களில் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்னும் நிறத்திற்கு ஐந்து இலைகளுக்கு மேல் வெளுத்திருந்தால் தழைச்சத்து இடலாம், இல்லையேல் நிறுத்தலாம். அடுத்த மூட்டை எவ்வளவு தரும் என்பதற்கு இந்த அட்டையே அளவுகோல்.

கிணற்றின் கடைசித் தண்ணீர்

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே இன்னும் ஒரு மணி நேரம் இறைத்தால் கைச்செலவு ஏதுமில்லை. செலவில்லை என்று கண்டால், சொற்ப நன்மைக்கும் இறைக்கத் தோன்றுவது இயல்பே. எனினும், பாறைப் பாங்கான இப்பிரதேசத்துக் கிணறுகளில் நீர் நிற்பது பாறையின் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பிளவுகளிலுமே. அந்த இருப்பு மிகக் குறுகியது. இன்று தேவைக்கு மேல் இறைத்த நீர், மாசி பங்குனியில் காய் முற்றும் மணிலாவுக்குக் கிடையாது. பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும் கிடையாது. அந்த இழப்பே கடைசி மணி நேரத்தின் உண்மையான செலவு. மின்சாரக் கணக்கில் வராததனால் அது இல்லையென்றாகாது.

வரவும் எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றல்ல. மணிலா பூக்கும் போதும், விழுது இறங்கும் போதும், காய் பிடிக்கும் போதும் கட்டும் தண்ணீர் மகசூலைத் தாங்கும். ஈரம் காயாத நிலத்தில் கட்டும் தண்ணீர் களையையே வளர்க்கும். கிணற்றில் நான்கு தண்ணீருக்கே இருப்பு உண்டெனில், அந்த நான்கும் எந்த நாளில் என்பதில்தான் போகத்தின் கதி இருக்கிறது.

போன செலவைக் கூட்டலாகாது

மழை பொய்த்த வருஷத்தில் நேரும் பிழை ஒன்று உண்டு. ஒருவர் உழவு, விதை, உரம் ஆகியவற்றுக்கு 20,000 ரூபாய் செலவிட்டார் எனவும், பயிர் வாடி, 15,000 ரூபாய்க் காயே தேறும் எனவும், பிடுங்கி ஆய 6,000 ரூபாய் ஆகும் எனவும் கொள்ளலாம். மொத்தச் செலவு 26,000, வரவு 15,000. நஷ்டப் பயிருக்கு மேலும் பணம் போடுவானேன் என்று கைவிட்டால் 20,000 ரூபாயும் போயிற்று. பிடுங்கினால் நஷ்டம் 11,000 ரூபாயோடு நிற்கும். போன 20,000 எப்படியும் திரும்பாதது. அதை இப்போதைய கணக்கில் சேர்க்கலாகாது. இனி ஆகும் 6,000க்கு இனி வருவது எவ்வளவு என்பதே கேள்வி.

இதே நியாயம் மறுபக்கமும் செல்லும். தேறும் காயும் கொடியும் சேர்ந்து 4,000 ரூபாயே பெறுமாயின், இவ்வளவு போட்டோமே என்னும் ஆற்றாமையால் மேலும் 6,000 ரூபாய் போடுவது நஷ்டத்தின் மேல் நஷ்டம். மாடுகளை விட்டு மேய்ப்பதே மேல். கடன் வாங்கிப் பயிரிட்டவர் இவ்விடத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பழைய செலவை மீட்கும் ஆசையே பலரைப் புதிய கடனில் தள்ளுகிறது.

தம் நிலத்திலேயே பரீட்சை

கூடுதல் மகசூல் எவ்வளவு என்று முன்கூட்டி அறிவது எங்ஙனம் எனக் குடியானவர் கேட்கலாம். அதற்கு எளிய உபாயம் உண்டு. மணிலாவுக்கு 40 முதல் 45ஆம் நாளில், ஏக்கருக்கு 160 கிலோ வீதம் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது சிபார்சு செய்யப்படுகிறது. அவ்வாறு இடுங்கால், கொல்லையின் நடுவே ஐந்து சென்டு நிலத்தில் மட்டும் ஜிப்சம் இடாமல் மற்ற வேலைகளை ஒன்றுபோலச் செய்ய வேண்டும். அறுவடையில் அந்த ஐந்து சென்டுக் காயையும், பக்கத்தில் ஜிப்சம் இட்ட ஐந்து சென்டுக் காயையும் தனித்தனியே காயவைத்து நிறுத்துப் பார்த்தால், வித்தியாசம் தராசிலேயே தெரியும். அதை இருபதால் பெருக்கினால் ஏக்கருக்குக் கூடிய மகசூல். அதன் விலையை ஜிப்சத்தின் விலையோடும் இடுங் கூலியோடும் ஒப்பிடலாம். இரண்டு மூன்று வருஷம் இவ்வாறு பார்த்துக் குறித்துவைத்தால், அந்த நிலத்திற்கு அதைவிட நம்பத்தக்க ஆலோசனை வேறில்லை.

ஒவ்வொரு செலவுக்கும் முன்னர்க் குடியானவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். இதனால் இனிக் கூடுவது எவ்வளவு? இதற்காக இனிப் போவது எவ்வளவு, கைக்காசாகப் போகாததும் சேர்த்து? இதே பணத்தையும் ஆளையும் நீரையும் வேறொன்றில் இட்டால் அதனினும் மிகுதியாக வருமா? இவற்றுக்கு விடை கண்டு காரியம் செய்பவருக்கு, மழையும் விலையும் கைகொடுக்காத வருஷத்திலும் நஷ்டம் குறையும். கைகொடுத்த வருஷத்தில் உழக்கென்ன, மரக்காலே மிஞ்சும்.