மடிக்கணினியை மீள நிறுவுதலும் தமிழ் எழுத்தைக் காத்தலும்



ஸ்ரீல்ஸ் வீதியின் தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம் என இரு புறமும் பரந்து கிடக்கும் நம் மில்லிக்கனில் மடிக்கணினி இல்லாத தமிழ் இல்லம் இன்று அரிது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் பயனாகப் பல வீடுகளில் பழைய மடிக்கணினியைத் துடைத்துப் புதிய இயங்குதளம் இடுவதா, சேமிப்புத் தட்டையே மாற்றுவதா என்னும் வினா எழுந்துள்ளது. இப்பணி கடினமானதன்று, பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார். ஆயினும் தமிழ் இல்லங்களுக்கே உரிய இழப்பொன்று இதில் மறைந்திருக்கிறது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகும். அது சேமிப்புத் தட்டிலேயே குடியிருக்கிறது. நாம் எழுதிய கடிதங்கள், எடுத்த படங்கள், பின்னர் சேர்த்த எழுத்துருக்கள் யாவும் பெரும்பாலும் அதே தட்டிலேயே உள்ளன. ஆகவே தட்டைத் துடைத்தால் நோய் மட்டுமன்றி வீட்டுச் சொத்தும் உடன் போகும். 'என் கோப்புகளை வைத்திரு' என்னும் தெரிவு விண்டோஸில் உண்டு. அது ஆவணங்களை விட்டுவைத்தாலும், நாம் நிறுவிய செயலிகளை நீக்கிவிடும். எழுத்துருக்கள் நிலைக்கும் என நம்பியிருத்தலும் ஆகாது.

இங்கேதான் பாமினியின் கதை வருகிறது. 1990களில் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் தமிழில் தட்டச்சுச் செய்தோருள் மிகப் பலர் பாமினி என்னும் எழுத்துருவையே கையாண்டனர். திருமண அழைப்பிதழ், கோவில் மலர், நினைவு மலர், ஊர்ச் சங்க அறிக்கை, தமிழ்ப் பாடப் பயிற்சித்தாள் எனப் பலவும் அதில் எழுதப்பட்டன. அக்காலக் கணினிகள் தமிழை அறியா. எனவே ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்தனர். 'அம்மா' என்று திரையில் தெரியும். ஆனால் கணினி தன் நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. அகரத்துக்கு எம், மகரத்துக்கு கே, மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி, ஆகாரக் காலுக்கு எச். அவ்வாறே 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இவை யாவும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள்.

எழுத்துரு கணினியில் உள்ளவரை எல்லாம் நலமே. தட்டைத் துடைத்து மீள நிறுவிய பின், அக்கோப்பைத் திறந்தால் தமிழ் வேடம் களைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். 'கோப்புக் கெட்டுவிட்டது' என்று எண்ணி அதை அழித்துவிடுவோர் உளர். அம்மம்மா சொல்ல யாரோ தட்டச்சுச் செய்து வைத்த ஊர்க் கதை அதில் இருக்கலாம். உண்மையில் அக்கோப்பில் ஒரு குறியும் கெடவில்லை. பாமினியை மீண்டும் நிறுவியதும் தமிழ் திரும்பிவிடும்.

யூனிகோட் முறையில் இத்தொல்லை இல்லை. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. அதில் அகரத்தின் எண் 2949. வேறெந்த மொழியின் எழுத்துக்கும் அவ்வெண் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்து எம்மின் எண் 109. பாமினிக் கோப்பில் அகரம் 109 ஆகவே பதிவாகியிருப்பதே சிக்கலின் வேர். விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் தமிழுக்கு இடமளித்தது. அதனுடன் லதா எழுத்துருவும் வந்தது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 இல் லதா இல்லாதிருக்கலாம். அப்போதும் லதாவில் எழுதிய கடிதம் நிர்மலா எழுத்துருவில் தெளிவாகத் தெரியும். உடை மாறுமேயன்றி ஆள் மாறார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில், துடைக்கும் முன்னர், ஆவணங்களையும் படங்களையும் வெளித் தட்டொன்றில் நகலெடுக்கவேண்டும். விண்டோஸ் கோப்புறையினுள் எழுத்துருக்களுக்கென ஒரு கோப்புறை உண்டு. அதிலுள்ள பாமினி முதலிய பழைய தமிழ் எழுத்துருக்களையும் உடன் எடுத்து வைத்தல் வேண்டும். பலரும் மறப்பது இதனையே. நகலெடுத்த பின் வேறொரு கணினியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தாலன்றி நகல் நல்லதென்று கொள்ளற்க.

அடுத்து, பிற்றுலொக்கர் என்னும் பூட்டு. பல மடிக்கணினிகளில் தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அத்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவியின்றி உள்ளே புக வழியில்லை. பெரும்பாலும் அது மைக்ரோசொப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி இயங்கும்போதே அதைத் தாளில் எழுதி வைத்தல் அறிவுடைமை.

பின்னர், 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத யூ.எஸ்.பி. குச்சி ஒன்றில், நலமாயுள்ள பிறிதொரு கணினியின் துணையுடன் நிறுவற் கோப்புகளை ஏற்றவேண்டும். அக்குச்சியில் முன்னிருந்தவை அழியும். அதைச் செருகிக் கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் என நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் விசையொன்றை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவதெனக் கேட்கும். எத்தட்டில் நிறுவுவது என்னும் திரை வரும்போது மட்டும் அவசரம் வேண்டாம். வெளித் தட்டு இணைந்திருப்பின் அதுவும் அப்பட்டியலில் தோன்றும். நகலெடுத்து வைத்த தட்டையே துடைத்துவிடும் விபத்து அங்கேதான் நிகழும். அதனை முன்பே கழற்றி வைத்துவிடுவது நன்று. ஏனைய திரைகளில் அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. கம்பியில்லா இணையத்துக்கான இயக்கி மென்பொருள் இல்லாது போவதுண்டு. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்.

தட்டை மாற்றுவோர் தம் கணினி ஏற்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும். பழையனவற்றுள் இரண்டரை அங்குலத் தட்டு; புதியனவற்றுள் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகை. சிலவற்றில், குறிப்பாக அண்மைக்கால அப்பிள் மடிக்கணினிகளில், சேமிப்பகத்தை வீட்டில் மாற்ற இயலாது. தட்டை மட்டும் மாற்றினால் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் போகாது. அது தாய்ப்பலகையோடு இணைத்தே அறியப்படுகிறது. கழற்றிய பழைய தட்டைச் சில மாதங்களாயினும் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள்; மறந்துபோன கோப்பு எப்போது நினைவுக்கு வருமென யாரறிவார்! இன்னொன்று: பாடசாலை தந்த குரோம்புக் பாடசாலையின் உடைமை; அதில் இச்சோதனைகள் கூடா.

நிறுவி முடிந்ததும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 இலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உள்ளன. மாணவர்கள் தமிழ்99 பயில்வதே சிறப்பு என்பது என் கருத்து. பாமினியில் விரல் பழகிய பெரியோரை அதற்காக வருத்தவேண்டியதில்லை. அதே விசையமைப்பில் யூனிகோட்டாக எழுத உதவும் கீமேன் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் கிடைக்கின்றன. அவற்றில் இரு இடங்களில் கண் வைக்கவேண்டும். கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவையும் தமிழாக உருமாறிப் பிதற்றும். மேலும், பாமினியில் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவதே வழக்கம்; மாற்றியபின் ஔவையார் 'ஒளவையார்' ஆகி நிற்பார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கணினியில் ஔவையாரைத் தேடினால் அகப்படமாட்டார். ஆகவே மாற்றிய கோப்பை ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். மூலக் கோப்பையும் அழியாது வையுங்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சி: 'அம்மா', 'தமிழ்' ஆகிய சொற்களுக்கு மேலே தந்த விளக்கத்தை மட்டும் துணையாகக் கொண்டு, பின்வரும் பாமினிச் சொற்களைத் தமிழில் எழுதுக.

1. கே, எச், கே, எச்
2. ஜே, எச், ஜே, அரைப்புள்ளி, ஜே, எச்
3. எம், கே, அரைப்புள்ளி, கே, கே, அரைப்புள்ளி, கே, எச்
4. ஜி என்பது பகரம், எல் என்பது டகரம் எனக் கொண்டு: ஜி, எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி