பரிசு என்றால் மிட்டாய்தானா?

நான் பொறியியல் மாணவன். கிள்ளானில் ஞாயிறு சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கு. சரியான பதில் சொன்னா மிட்டாய், பிறந்தநாள்னா கேக், நிதி திரட்டும் கேண்டீன் டேன்னா கலர் தண்ணி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தை எடுத்துக்குங்க. 320 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது 8 தேக்கரண்டி சீனி! உலகச் சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு, பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம்தான்.

நமக்கு இது ஏன் அவசரம்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நம் வீட்டுப் பெரியவங்களை நினைச்சாலே புரியும். அதே ஆண்டு ஜூலை 1 முதல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. ஆனா வகுப்பில் கொடுக்கும் மிட்டாய்க்கு அந்த வரி இல்லை. அதை நாமதான் மாத்தணும்.

சமயம் என்ன சொல்கிறது? மிகுதியாக உண்பவனுக்கும், உண்ணாமலே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் அளவறிந்து, பசித்தபின் உண்ணச் சொல்கிறது. மிட்டாய்ப் பரிசு இதற்கு நேர்மாறு. பசியே இல்லாதபோதும் சாப்பிடப் பழக்குது.

என்ன செய்யலாம்?

1. பரிசு: பென்சில், கதைப் புத்தகம், அடுத்த வாரம் பிரார்த்தனையை நடத்தும் வாய்ப்பு. மணி அடிக்க விட்டாலே பசங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்!

2. பிறந்தநாள்: கோவிலில் அர்ச்சனை, நண்பர்களுக்குச் சுண்டல், பழம். நவராத்திரியில் நாம் கொடுப்பதுதானே! கடலையில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கு.

3. நிதி: பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டாமல் முடியாது. கூப்பன் இருக்கட்டும், கடைகளை மாத்துவோம். இட்லி, அவித்த சோளம், இளநீர், செடி விற்பனை, விளையாட்டு, பழைய புத்தகம்.

4. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்: சிரப்புக்குப் பதில் நீர்மோர், வெறும் தண்ணீர்.

“பிள்ளைங்க ஏமாந்துடுவாங்களே?” என்று சிலர் கேட்பாங்க. தீபாவளிப் பலகாரத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அது வருடத்துக்கு ஒரு முறை. வாராவாரம் வருவதைத்தான் மாத்தணும்.

சிந்திக்க:
• உங்கள் பள்ளியில் சென்ற மாதம் உணவு எத்தனை முறை பரிசாக வந்தது?
• அடுத்த கேண்டீன் டேயில் உங்கள் குழு சீனி சேர்க்காத எந்தக் கடையைப் போடும்?

பதிலை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க. சேர்ந்தே தொடங்குவோம்.