வேலியில் ஒரு கேட்

வயலும் வயலும் அடுத்தடுத்து இருந்தால் என்ன சண்டை வரும்? பாதைச் சண்டை வரும். "உன் வரப்பில் நான் நடக்கலாமா? என் வண்டி போகலாமா?" இது நமக்குத் தெரிந்த கதை. அமெரிக்காவில் விமான நிலைய வேலி ஓரத்திலும் இதே சண்டை வந்தது. அதைப் படிப்போம்.

அமெரிக்காவில் சிறிய விமான நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அங்கே இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் வந்து போகும். சிலர் சொந்தமாகவே விமானம் வைத்திருக்கிறார்கள். நாம் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பது போல. விலைதான் அப்படி இல்லை!

இவர்களில் சிலர் விமான நிலையத்தை ஒட்டி மனை வாங்கினார்கள். வீடு கட்டினார்கள். பக்கத்திலேயே விமானத்துக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். விமானத்தைத் தெருவிலேயே ஓட்டிப் போவார்கள். விமான நிலைய வேலியில் ஒரு கேட் இருக்கும். அதில் நுழைந்து ஓடுபாதைக்குப் போய்ப் பறப்பார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் கேமரான் பார்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இறக்கை இடிக்காமல் இருக்க, தெருவை 100 அடி அகலம் விட்டிருக்கிறார்கள்.

சரி, அந்த கேட்டைத் திறக்க இவர்களுக்கு உரிமை உண்டா?

பல விமான நிலையங்கள் ஊராட்சிக்கோ மாநில அரசுக்கோ சொந்தம். ஓடுபாதையைச் செப்பனிட மத்திய அரசு பணம் தருகிறது. அது மக்களின் வரிப் பணம். ஆகவே மத்திய விமானத் துறை கேட்டது: "உள்ளே விமானம் நிறுத்துகிறவர் வாடகை கொடுக்கிறார். வெளியே இருந்து வருகிறவர் சும்மா வரலாமா? நாளை ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்றால், பக்கத்தில் வீடுகள் நிற்குமே?"

வீட்டுக்காரர்களும் விடவில்லை. "இந்த கேட்டை நம்பித்தான் அதிக விலை கொடுத்தோம். கேட்டை மூடினால் எங்கள் வீட்டை யார் வாங்குவார்கள்? ராத்திரியில் விமான நிலையத்துக்குக் காவலாக இருப்பதும் நாங்கள்தானே?" என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

2011-இல் விமானத் துறை, இனி வீடுகளுக்குப் புதிய கேட் கூடாது என்றது. அடுத்த ஆண்டே, 2012 பிப்ரவரியில், வேறு சட்டம் வந்தது. சிறிய விமான நிலையங்கள் வீட்டுக்காரர்களோடு ஒப்பந்தம் போடலாம் என்றது அது. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் போலவே வெளியே இருப்பவரும் கட்டணம் கட்ட வேண்டும். கேட்டுக்கும் பாதைக்கும் ஆகும் செலவு அவருடையது. வீட்டில் வியாபாரம் கூடாது. விமானத்துக்கு அங்கே பெட்ரோல் போடக் கூடாது. அடுத்த வீட்டு விமானத்தைத் தன் மனை வழியாக உள்ளே விடவும் கூடாது.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். சட்டம் "போடலாம்" என்கிறது. "போட வேண்டும்" என்று சொல்லவில்லை. விமான நிலையம் மறுத்தால், வேலி ஓரத்து மனைக்காரர் வேலியோடு நிற்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் பாதை பாத்தியத்துக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் உள்ள பாதையை ஒருவர் 20 ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒளிவு மறைவு இல்லாமல், தகராறு இல்லாமல், தன் உரிமையாகவே நடந்திருக்க வேண்டும். அப்போது அவர் பாத்தியம் கோரலாம். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். "போய்க்கொள்ளப்பா" என்று நிலக்காரர் அனுமதி கொடுத்து நடந்தது இந்தக் கணக்கில் சேராது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் நிலப் பத்திரத்தின் நகலை எடுத்து வாருங்கள். அசல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். நான்கு எல்லை எழுதிய பகுதியைச் சேர்ந்து வாசிப்போம். அதில் பாதை என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுவோம்.