அந்த ஸ்லைடுகளைக் கழுவிவிடாதே

சாமல்பட்டி

அன்பு மாணவிக்கு,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்லி வேர்நுனிச் செல்கள். நீலமாகப் பதினான்கு குரோமோசோம்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பச்சையாக ஒரு பொட்டு. “குரோமோசோம் முழுக்கப் பச்சை தெரியணும் ஐயா, ஆன்டிபாடி கெட்டுப்போச்சு போல. எல்லாத்தையும் கழுவிட்டு மறுபடி ஆரம்பிக்கப் போறேன்” என்று எழுதியிருந்தாய். கழுவிவிடாதே. இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ தேடுவது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்3-இன் வாலில் பத்தாவது இடத்தில் இருக்கும் செரீன் என்ற அமினோ அமிலம். செல் பிரியத் தொடங்கும்போது அரோரா பி என்ற நொதி அங்கே ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பிரிந்து முடிந்ததும் வேறொரு நொதி அதை எடுத்துவிடுகிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளை ஒவ்வொன்றிலும் 147 படிகள் நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றியிருக்கிறது. மனித செல் ஒன்றில் அப்படிச் சுற்றியிருப்பதை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். நம் மாவட்டத்துப் பட்டுக்கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் இருக்கிறது என்றாலும் புழு அதை ஒரே ஒருமுறைதான் சுற்றுகிறது. செல்லோ ஒவ்வொரு பிரிவுக்கும் சுற்றி, இறுக்கி, பிறகு அவிழ்க்கவும் வேண்டும். அந்த இறுக்கத்தைத் தொடங்கி வைப்பது எது என்ற கேள்வியில் பலர் தங்கள் வாழ்நாளையே செலவழித்திருக்கிறார்கள்.

உன் மனதில் இருக்கும் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1997-இல் ஹெண்ட்ஸலும் உடன் ஆய்வு செய்தவர்களும் பாலூட்டிச் செல்களில் இந்தப் பாஸ்பேட் குறி, குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர் அருகே தொடங்கி, குரோமோசோம் சுருங்கச் சுருங்கக் கைகள் முழுவதும் பரவுவதைக் காட்டினார்கள். கண்ணைக் கவரும் படம் அது. 1999-இல் டேவிட் ஆலிஸின் குழு டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் அந்தச் செரீனை மாற்றிப் பார்த்தது. குரோமோசோம்கள் சரியாகச் சுருங்கவில்லை, சரியாகப் பிரியவுமில்லை. விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே அதே மாற்றத்தை ஈஸ்டில் செய்தபோது, அது எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது. இதற்கிடையில் ஹிரானோ தவளை முட்டைச் சாற்றிலிருந்து கண்டென்சின் என்ற புரதக் கூட்டத்தைப் பிரித்தெடுத்து, இறுக்கும் வேலையில் பெரும்பங்கு அதற்கு உண்டு என்று காட்டியிருந்தார்.

இப்போது செடிக்கு வருவோம். பார்லி, ரை போன்ற செடிகளில் சாதாரண செல்பிரிவின்போது இந்தக் குறி சென்ட்ரோமியரைச் சுற்றி மட்டுமே தெரியும். 1999 முதலே எழுதப்பட்டு வரும் செய்தி இது. கைகளில் குறியே இல்லை, ஆனாலும் கைகள் நன்றாகச் சுருங்கியிருக்கின்றன. மக்காச்சோளத்தின் மியாசிஸை, அதாவது இனச்செல் உண்டாக்கும் பிரிவை, 2000-இல் பார்த்தவர்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது: குரோமோசோம்கள் பெருமளவு சுருங்கி முடிந்த பிறகே குறி வந்தது. ஆகவே செடியில் இந்தக் குறிக்குச் சுருக்கத்தைவிட, சகோதரி இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதோடுதான் நெருக்கம் அதிகம் என்று கருதுகிறார்கள். உன் பச்சைப் பொட்டு கெட்டுப்போன ஆன்டிபாடி இல்லையம்மா. பார்லி உனக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

ஆனால் நான் சொன்னதற்காக நம்பிவிடாதே. ஒரு ஸ்லைடில் பாஸ்பேட்டை நீக்கும் நொதியை ஊற்று, பொட்டு மறைய வேண்டும். பக்கத்திலேயே ஹீலா என்ற மனித செல்களையும் அதே ஆன்டிபாடியால் சாயமேற்று, அங்கே கைகள் முழுக்கப் பச்சை வர வேண்டும். இன்னொன்று: மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த கலவை குரோமோசோம் எண்ணுவதற்குத்தான் நல்லது. ஹிஸ்டோன்களில் ஒரு பகுதியை அந்த அமிலம் கரைத்துக்கொண்டு போய்விடும். இந்த வேலைக்குப் பாரஃபார்மால்டிஹைடுதான் சரி.

கோல்ச்சிசின் ஊறவைத்த வேர்களை மட்டும் வைத்துக்கொண்டு சுருக்கத்தை அளக்காதே. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையில் இருக்கும் அந்த மருந்து கதிர்இழைகளை உருவாகவிடாது, ஆனால் குரோமோசோம் சுருங்குவதை நிறுத்தாது. செல் அங்கேயே நிற்க, குரோமோசோம்கள் மேலும் மேலும் குறுகிக்கொண்டே போகும். நீ அளப்பது குரோமோசோமின் இயல்பான சுருக்கமா, நீ காத்திருந்த நேரமா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தே படாத வேர்களையும் ஒரு வரிசை வை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆய்வு மாணவனாக இருந்த நாளில் காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணைக் கரையிலிருந்து நாணல் வேர்கள் எடுத்துவந்து குரோமோசோம்களை எண்ணினேன். இக்கரைப் புதரின் எண்ணும் அக்கரைப் புதரின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. என் கைதான் பிசகிவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு மாத வேலையைக் குப்பையில் கொட்டினேன். பிறகுதான் தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் படித்தேன். 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் சேர்ந்தவர், 1936-லேயே இந்திய நாணல் வகைகளின் குரோமோசோம்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கரும்பின் காட்டு உறவான அந்த நாணலில் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை மாறும். நான் கொட்டியது சரியான ஸ்லைடுகளாகவே இருந்திருக்கலாம். அந்தப் புதர்கள் இருந்த இடத்தில் இப்போது கரை கட்டிவிட்டார்கள்.

அதனால் படம் எடுத்த தேதி, வேர் நறுக்கிய நேரம், ஆன்டிபாடியின் லாட் எண், எத்தனை செல் பார்த்தாய், எத்தனையில் பொட்டு இருந்தது, எத்தனையில் இல்லை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வை. பொட்டு இல்லாதவற்றைத்தான் முதலில் எழுது, மறந்துபோவது அவைதான். பார்லிக் கதிர் வெளியே வருமுன்பே அதன் மகரந்தப்பைகளையும் பார். கோதுமையிலும் ரையிலும் மியாசிஸின் முதல் பிரிவில் குரோமோசோம் முழுவதும் குறி வந்து, இரண்டாம் பிரிவில் மீண்டும் சென்ட்ரோமியரோடு நின்றுவிடுகிறது. பார்லியிலும் அப்படித்தானா என்று இரண்டு பிரிவையும் உன் கண்ணாலேயே பார்த்துவிட்டு எனக்கு எழுது.

பொங்கலுக்கு ஜோலார்பேட்டையில் வண்டி மாறி வரும்போது நேரே வீட்டுக்கு வந்துவிடு. என் பழைய மைக்ராஸ்கோப்பில் உன் பச்சை தெரியாது. அந்த நோட்டைக் கொண்டுவா, திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய தாவரவியல் வாத்தியார்